தவிட்டில் இருந்த உயிர்: சயாம் ரயில் பாதையில் பிழைத்தவர்களும் பிழைக்காதவர்களும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற வழியில் ஒரு அரிசி மில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம், கேரளா. ஆனால் மில்லுக்குள் நுழைந்தால் காதில் விழுவது முழுக்கத் தமிழ்தான். நெல் அவிக்கிற அன்றைக்கு அந்த வாசம் அரை மைல் வரைக்கும் வரும். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பக்கம் அரிசி விழும், இன்னொரு பக்கம் பழுப்பு மாவாகத் தவிடு கொட்டும். சாக்கில் பிடித்துக் கட்டி மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

மில்லில் ரொம்ப நாளாக இருக்கிற பெரியவர் ஒருமுறை சொன்னார்: "ஏனுங் தம்பி, சத்தெல்லாம் மாட்டுக்குப் போகுது, சக்கைதானுங்க நமக்கு வருது." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு எங்கள் பெரியப்பாரு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாருடைய அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மலாயாவுக்குப் போய், சண்டை முடிந்த மறு வருஷம் ஊர் திரும்பியவர். வரும்போது ஒரு தகரப்பெட்டியும் 'மலாயாக் காலும்' கொண்டுவந்தார் என்று அத்தை சொல்வாள். செருப்புப் போட முடியாது. ராத்திரியானால் பாதம் தீயில் வைத்ததுபோல எரியும். கோணிச்சாக்கை நனைத்துக் காலில் சுற்றிக்கொள்வார். இல்லையென்றால் வாய்க்காலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அப்புறம் இன்னொரு கிறுக்கு. அரிசி கழுவிய தண்ணீரை யாராவது கீழே ஊற்றினால் கோபம் வந்துவிடும். தவிட்டை வறுத்து, வெல்லம் கலந்து, தினமும் ஒரு கைப்பிடி தின்பார். மாட்டுக்கு வைப்பதைத் தின்கிற மனுஷன் என்று சொந்தக்காரர்கள் சிரித்திருக்கிறார்கள்.

அது கிறுக்கு இல்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் சிக்கியவர்களின் மருத்துவ வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்தக் கைப்பிடித் தவிடுதான் திரும்பத் திரும்ப எதிரில் வந்தது. சிறைமுகாமில் பிழைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது மன உறுதி, வீரம், தெய்வ நம்பிக்கை என்று பேசுவது வழக்கம். அதெல்லாம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பார்த்தால் உயிரைக் காத்தவை வேறு: தவிடு, கொதிக்கவைத்த தண்ணீர், கிடைத்ததைப் பொதுவில் வைத்துப் பங்கிடுகிற ஏற்பாடு, கூடவே இருந்த ஒரு டாக்டர், பெயரை எழுதி வைத்த ஒரு ஆள். இவை இருந்த கூட்டம் பிழைத்தது. இல்லாத கூட்டம் செத்தது. இல்லாத கூட்டத்தில் பெரும்பகுதி நம் ஆட்கள்.

தவிட்டிலிருந்தே தொடங்கலாம். நெல்லை அப்படியே குத்திப் பளபளவென்று தீட்டினால் பச்சரிசி கிடைக்கும். அதன் மேல்தோலில்தான் தயமின் என்கிற பி1 வைட்டமின் இருக்கிறது. அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தினால் அந்தச் சத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு உள்ளே இறங்கி, அரிசிக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. புழுங்கல் அரிசி என்கிற நம்முடைய பழைய ஏற்பாட்டுக்குள் இருக்கிற சூட்சுமம் இதுதான். நம் முன்னோர் வைட்டமினைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்று வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம். பூச்சி பிடிக்காது, குத்தும்போது நொறுங்காது, வயிறு தாங்கும் என்றுதான் அவித்தார்கள். உயிர் காத்தது கொசுறு.

தயமினை உடம்பு அதிகம் சேமித்து வைக்காது. இரண்டு மூன்று வாரத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். வெறும் வெள்ளை அரிசியையே தின்று, கடுமையாக உழைத்தால் இன்னும் சீக்கிரம் தீரும். ஏனென்றால் மாவுச்சத்தை எரிப்பதற்கே அது தேவை. தீர்ந்துபோனால் வருவது பெரிபெரி. ஒரு வகையில் கால் வீங்கி, வீக்கம் மேலே ஏறி, இதயம் நின்றுபோகும். இன்னொரு வகையில் நரம்பு செத்து, கால் மரத்து, ஆள் எலும்புக்கூடாவான். மூன்றாவது வகை மூளையைப் பிடிக்கும். பாதம் எரிவது இதற்குப் பக்கத்து வீட்டு நோய். பி வகை வைட்டமின்கள் குறைந்து நரம்பு கெடுவதால் வருவது.

இந்த நோயின் கதையில் தமிழர்கள் முன்பே ஒருமுறை வந்துபோயிருக்கிறார்கள். 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில், அதே வெயிலில் வேலை செய்த தமிழர்களுக்கு அது அனேகமாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்கிற டாக்டர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்கிற டாக்டர் இதைச் சோதித்தே பார்த்தார். நோயாளிகளைக் கிட்டத்தட்ட 120 பேர் கொண்ட இரண்டு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். பச்சரிசிப் பக்கத்தில் பலர் பெரிபெரியில் விழுந்தார்கள், 18 பேர் செத்தார்கள். புழுங்கல் பக்கத்தில் யாருக்கும் புதிதாக நோய் வரவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்குக் கையெழுத்துப் போடாது. ஆனால் விஷயம் தெளிவாகிவிட்டது. தோட்டத்துத் தமிழர்களைக் காத்தது ரத்தமோ ஜாதியோ இல்லை, சோற்றுப்பானை.

ஜப்பானியர்களுக்கு இது தெரியாதா? அவர்களைப்போல் தெரிந்தவர்கள் யாருமில்லை. 1883இல் ரியூஜோ என்கிற ஜப்பானியக் கப்பல் நீண்ட பயணம் போய்த் திரும்பியபோது, 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் செத்திருந்தார்கள். கடற்படை டாக்டர் தகாகி உணவை மாற்றினார். மறு வருஷம் அதே வழியில் போன கப்பலில் பெரிபெரிச் சாவே இல்லை. 1910இல் தவிட்டிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் சுசூகி உமெதாரோ என்கிற ஜப்பானிய விஞ்ஞானி. முப்பது வருஷம் கழித்து அதே நாட்டின் ராணுவம் கைதிகளுக்குத் தீட்டிய அரிசியை அளந்து போட்டது. அறியாமை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அன்றைக்குச் சரணடைந்தவர்கள் 85,000 பேர் அளவில். அதில் ஏறக்குறைய பாதி இந்தியச் சிப்பாய்கள். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ஆம் தேதி, இந்தியர்களை மட்டும் தனியாகப் பிரித்து பேரர் பார்க் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி வந்து, இனிமேல் நீங்கள் ஜப்பானியர் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் புஜிவாரா பேசினார், கேப்டன் மோகன் சிங் பேசினார், இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் முளைவிட்டது. அந்தக் கதை நமக்குத் தெரியும். நேதாஜி வந்தது, ஜான்சி ராணிப் படை, பாலக்காட்டு ஆனக்கரைக்காரியான அம்முவின் மகள் கேப்டன் லட்சுமி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். லட்சுமியும் சிங்கப்பூரில் தொழில் பார்த்துவந்த டாக்டர்தான். 1945இல் பர்மாவில் பிடிபட்டு அவரும் காவலில் இருந்தார்.

படிக்காதது அந்தப் படையில் சேராதவர்களின் கதை. உப்புத் தின்ற ராணுவத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்து நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்கு மூட்டை தூக்க அனுப்பினார்கள். போர்க்கைதி என்கிற பெயர்கூட இல்லை. வேலைப்படை என்று பேர் மாற்றினார்கள். நேச நாட்டுக் கப்பல்கள் வழியை அடைத்தபிறகு அந்தத் தீவுகளில் ஜப்பானியச் சிப்பாய்களே பட்டினியில் செத்தார்கள் என்றால் கைதியின் நிலைமை எப்படி இருந்திருக்கும்! நியூகினியில் வேவாக் பக்கம் கொண்டுபோனவர்களில் கடைசிவரை உயிரோடு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சேர்ந்தவன் சரியா, சேராதவன் சரியா என்று எண்பது வருஷமாக வாதாடுகிறோம். இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே மைதானத்தில் தாகத்தோடு நின்ற கைதிகள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சட்டம் ஒன்று இருந்தது. 1929ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தம். ஜப்பான் கையெழுத்துப் போட்டது, ஆனால் தன் நாட்டில் அதற்கு ஒப்புதல் கொடுக்கவில்லை. போர் தொடங்கியபின், பொருந்துகிற அளவுக்குப் பின்பற்றுவோம் என்று ஒரு பதில் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தது இதுதான்: பிடித்துவைத்திருக்கிற நாட்டின் முகாம் படைவீரனுக்கு என்ன சாப்பாடோ, அதே அளவு, அதே தரம் கைதிக்கும். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதியது. ரொட்டி தின்றே வளர்ந்தவனுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டு, காய்கறியையும் மீனையும் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

ஆனதைச் சிங்கப்பூரில் கைதிகளை அடைத்துவைத்த சாங்கி முகாம் காட்டியது. சில வாரங்களிலேயே பெரிபெரி தலைகாட்டியது. சமையல்காரர்களுக்கு அரிசி வேகவைக்கவே தெரியாது. நாலு தடவை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டி, மிச்சமிருந்த சத்தையும் சாக்கடைக்கு அனுப்பினார்கள். பெரியப்பாருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று இங்கே புரிகிறது. டாக்டர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தவிடு கேட்டு வாங்கினார்கள், மாட்டுத் தீவனம்தானே என்று காவல்காரர்களும் சில சமயம் விட்டுக்கொடுத்தார்கள். வறட்டுத் தூள், தொண்டையில் இறங்காது. கஞ்சியில் கலந்து, கட்டாயப்படுத்திக் குடிக்கவைத்தார்கள். புல்லை வெட்டி அரைத்து, வடிகட்டி, பச்சைச் சாற்றைக் கோப்பையில் கொடுத்தார்கள். ஈஸ்ட் வளர்த்தார்கள். டச்சுக்காரர்களுக்கு ஜாவா அனுபவம் இருந்ததால் பச்சைப்பயறு கிடைத்தால் விடமாட்டார்கள். பயறு பெரிபெரியைத் தடுக்கும் என்பதை அவர்களின் டாக்டர்கள் 1901லேயே காட்டியிருந்தார்கள். தீவனம், புல், பயறு. ஒரு பேரரசின் படை அதை நம்பித்தான் நடமாடியது.

கைதிகளின் மருத்துவமனையில் டி வார்டெனர், லெனாக்ஸ் என்று இரண்டு இளம் டாக்டர்கள் இருந்தார்கள். மூளையைப் பிடிக்கிற பெரிபெரியில் 52 நோயாளிகளைப் பார்த்து, என்ன தின்றான், எத்தனை நாள் வயிற்றுக்கடுப்பு, கண் எப்படி ஆடியது என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார்கள். காகிதம் வைத்திருப்பதே குற்றம். குறிப்புகளைப் பத்திரமாக மூடிப் புதைத்துவைத்து, போர் முடிந்து எடுத்து, 1947இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அந்த 52 பேரைப் படிக்கிறார்கள். குளூகோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் ஊசி போடு என்று அவசரப் பிரிவில் சொல்கிறார்களே, அந்த அறிவுக்குள் இந்த 52 பேரும் இருக்கிறார்கள்.

சரி, இனி ரயில் பாதை. தாய்லாந்தில் பான்போங், பர்மாவில் தான்பியுசாயாட். இடையே 415 கிலோமீட்டர் மலையும் காடும். கடல்வழி ஆபத்தாகிவிட்டதால் பர்மாப் படைக்குச் சரக்கு அனுப்ப ஜப்பானியருக்கு இந்தப் பாதை வேண்டும். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். செத்தவர்கள் 12,000க்கும் மேல். ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்கள் (தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியர்) இரண்டு லட்சம் அளவில் இருக்கலாம் என்கிறார்கள். அவர்களில் செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பத்தில் நாலு பேருக்கு மேல்.

ஒரே மழை, ஒரே காடு, ஒரே கொசு, ஒரே கங்குல்வேளை விசில். ஒரு கூட்டத்தில் ஐந்துக்கு ஒன்று, மற்றதில் பத்துக்கு நாலு. வெப்பநாட்டு உடம்பு, உழைத்துப் பழகிய கை என்று பார்த்தால் தமிழன் அல்லவா அதிகம் பிழைத்திருக்க வேண்டும்?

கைதிகளின் பக்கம் என்ன நடந்தது என்று கிட்டேபோய்ப் பார்க்கலாம். 1943 மே மாதம் மழையோடு காலராவும் வந்தது. முகாமில் டாக்டர் உண்டு, அதிகாரி உண்டு, உத்தரவு போட்டால் கேட்கிற பழக்கம் உண்டு. கொதிக்காத தண்ணீரை யாரும் வாயில் வைக்கக்கூடாது என்றார்கள். சாப்பாட்டு வரிசையில் முதலில் கொதிக்கும் அண்டா. தட்டையும் ஸ்பூனையும் அதில் முக்கியெடுத்தபிறகுதான் சோறு. கக்கூஸ் குழி தள்ளியிருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும். காலரா நோயாளிக்கு உப்புத்தண்ணீர் நரம்பில் ஏற்ற வேண்டும், ஆனால் சாதனம் கிடையாது. லாரியிலிருந்து திருடிய பெட்ரோல் குழாயில் தண்ணீரை வடித்தார்கள், கல்லுப்பைக் கரைத்தார்கள், ஸ்டெதாஸ்கோப் ரப்பர் குழாயை இணைத்தார்கள், ஊசி முனைக்கு மூங்கிலைச் சீவினார்கள். ஆஸ்திரேலிய சர்ஜன் டன்லப் போன்றவர்கள் இருந்த முகாம்களில் இப்படித்தான் ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மூங்கில் கீறினால் போதும், புண் ஒரு வாரத்தில் எலும்புவரை போய்விடும். கூராக்கிய ஸ்பூனால், மயக்க மருந்து இல்லாமல், அழுகலைச் சுரண்டி எடுப்பார்கள். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் காலை வைத்துக்கொண்டு நின்று, சின்ன மீன்கள் கொத்தித் தின்னவிட்டவர்களும் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுத்துவிட்டு மூங்கில் கால்.

நோயாளிக்குச் சாப்பாட்டைக் குறைப்பது ஜப்பானியர் வழக்கம். வேலை செய்யாதவனுக்கு எதற்கு முழுப்படி? கைதிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வந்த அரிசி மொத்தமும் பொது அண்டாவுக்கு. அதிகாரிகளுக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு பங்கு பொது நிதிக்கு. அந்தக் காசில் ஆற்றுவழிப் படகில் வருகிற தாய்லாந்து வியாபாரிகளிடம் வாத்து முட்டை வாங்கினார்கள். காஞ்சனபுரி வியாபாரி பூன்போங் உயிரைப் பணயம் வைத்து மருந்தும் பணமும் கடத்திக் கொடுத்தார். ஒரு வாத்து முட்டை என்பது அன்றைக்கு ஒரு நாள் ஆயுள். இவ்வளவு இருந்தும், 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய 'எப் படை' என்கிற கைதிக் குழுவின் 7,000 பேரில் 3,000க்கும் மேல் செத்தார்கள். சரக்கு வண்டியில் அடைபட்டுப் போய், பிறகு 300 கிலோமீட்டர் மழையில் ராத்திரி ராத்திரியாக நடந்தவர்கள் அவர்கள். ஏற்பாடு இருந்தும் நடந்து ஓய்ந்த உடம்புக்கு இந்தக் கதி.

இனி நம் ஆட்கள் பக்கம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோனவர்கள் 75,000க்கும் மேல், பெரும்பாலும் தமிழர்கள். சண்டையால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்த புழுங்கலும் நின்றுபோயிற்று. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), முடிந்ததும் வீட்டுக்கு வரலாம் என்று முதலில் ஆசைகாட்டிக் கூட்டிப்போனார்கள். திரும்பி வராததைப் பார்த்து ஆட்கள் ஒளிந்தபோது, தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்கு வைத்துப் பிடித்துப்போனார்கள். பெண்டாட்டி பிள்ளையோடு போன குடும்பங்களும் இருந்தன. ரயிலுக்குத் தப்பிக்கவே இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு.

தோட்டத்துத் தமிழனுக்கு வாழ்க்கை என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் விடியும். மேஸ்திரியான கங்காணி கூப்பிடுவார், கணக்கரான கிராணி செக்ரோல் என்கிற பதிவேட்டில் பேரைக் குறிப்பார். மோசமான ஏற்பாடுதான், சுரண்டல்தான். ஆனால் பேராவது இருந்தது, காய்ச்சலுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரெஸ்ஸர் இருந்தார், அரிசியை இன்னொருவர் அளந்தார். இந்த ஏற்பாட்டிலிருந்து ஆளைப் பிய்த்துக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டபோது, அந்த ஓட்டை ஏற்பாடும் இல்லாமல் போயிற்று. டாக்டர் இல்லை. ஆற்றுத்தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்ல ஆளில்லை. சொன்னாலும் மழையில் விறகு பொறுக்கி, பொது அண்டா வைக்கக் கூட்டு இல்லை. ஒரு குடிசையில் காலரா வந்தால் அடுத்த குடிசை இரவோடு இரவாகக் காட்டுக்குள் ஓடியது. நோயும் கூடவே ஓடியது. கைதிகளுடைய நினைவுக் குறிப்புகளில் இந்தக் காட்சி வருகிறது: பக்கத்துக் கூலி முகாமைக் கடந்து போகும்போது, செத்தவர்களுக்கு நடுவில் சாகாதவர்கள் படுத்திருந்தார்கள் என்று. அதை எழுதியவர்களே எலும்பும் தோலுமாக இருந்தவர்கள்.

1943 ஜூனிலும் ஆகஸ்டிலும், நிலைமை கைமீறியபிறகு, சாங்கியிலிருந்து கைதிகளாக இருந்த டாக்டர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் 'கே படை', 'எல் படை' என்று இரண்டு குழுவாகக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்த்து 350 பேருக்குள். லட்சக்கணக்கில் இருந்த தொழிலாளர்களுக்கு! நோயாளியின் பாஷை அவர்களுக்குத் தெரியாது, மருந்தும் கிடையாது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு வந்த சாண் கயிறு.

ஜெர்மனியும் இத்தாலியும் பிடித்துவைத்த பிரிட்டிஷ், அமெரிக்கக் கைதிகளில் 4 சதவீதம் செத்தார்கள். ஜப்பானியரிடம் 27 சதவீதம். போருக்குப்பின் நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் வந்த இந்தக் கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஜெர்மானியர் நல்லவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களிடம் பிடிபட்ட சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம். அதில் 30 லட்சத்துக்கும் மேல் முள்வேலிக்குள் பட்டினியிலும் குளிரிலும் செத்தார்கள். பிடித்தவன் ஒரே ஆள். யாரைக் கணக்கில் வைப்பது, யாரை விடுவது என்று அவன் போட்ட கோடுதான் வேறு. சயாம் காட்டில் அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். சிப்பாய்க்கு ஒரு நம்பர் இருந்தது, எங்கோ ஒரு அலுவலகத்தில் பேர் இருந்தது, மாசக்கணக்கில் தாமதமானாலும் 25 வார்த்தைக்குள் எழுதிய அட்டை ஒன்று அவன் வீட்டுக்குப் போய்ச் சேர வழி இருந்தது. கூலிக்காரனுக்கு அந்த 25 வார்த்தையும் இல்லை.

செத்தபிறகும் அந்தக் கோடு அழியவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், ஒவ்வொன்றிலும் பலகை. சிங்கப்பூர் கிராஞ்சியில் உடல் கிடைக்காத வீரர்களின் பெயர்கள் 24,000க்கும் மேல் சுவரில் வெட்டியிருக்கின்றன. நம் மதராஸ் ராஜதானியிலிருந்து போன சிப்பாய்கள் உட்பட. தொழிலாளிகளுக்குப் பெயர் சொல்கிற கல் இல்லை. நஷ்டஈடும் இதே வழியில்தான் போயிற்று. ஜப்பானோடு போட்ட 1951ஆம் வருஷத்து சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் போர்க்கைதிகளாக இருந்த படைவீரர்களுக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கியது. இந்தியா அதில் சேரவில்லை; 1952இல் ஜப்பானோடு தனி ஒப்பந்தம் போட்டு, ஈட்டுத்தொகை எதுவும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துவிட்டது. பெருந்தன்மை என்று பாடப்புத்தகம் சொல்லும். விட்டுக்கொடுத்தது யாருடைய பணம் என்று கேட்டால் பதில் வராது.

சட்டம் மட்டும் ஒரு பாடம் படித்தது. 1949இல் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியபோது, முகாம் படைவீரனுக்கு என்னவோ அதுவே கைதிக்கும் என்ற பழைய அளவுகோலைக் கைவிட்டார்கள். எடை குறையாமலும் சத்துக்குறை நோய் வராமலும் காக்கிற அளவு, தரம், வகை இருக்க வேண்டும். கைதியின் வழக்கமான சாப்பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தவிட்டு வாசம் அடிக்கும்.

விடுதலை ஆனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒட்டிய வயிற்றுக்கு ஒரேயடியாகச் சோறு போட்டால் அதுவே ஆளைக் கொல்லும். சயாம் மண்ணில் வெறுங்காலில் நின்றபோது தோல்வழியாக ஏறிய ஒருவகைக் குடல்புழு, பிரிட்டிஷ் கைதிகளின் உடம்பில் முப்பது நாற்பது வருஷம் கழித்தும் உயிரோடு இருந்ததை லிவர்பூல் வெப்பநாட்டு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் கண்டார்கள். அவர்களைக் கூப்பிட்டுச் சோதிக்க ஒரு பட்டியல் இருந்தது. பெரியப்பாருடைய உடம்பில் என்ன இருந்தது என்று யார் பார்த்தார்கள்?

அவர் சிப்பாயா தோட்டக்காரரா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்கும். பட்டாளத்தில் இருந்தார், அதனால்தான் நிமிர்ந்து நடந்தார் என்பாள் அத்தை. சித்தப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "பட்டாளத்துக்காரருன்னா பென்சன் வந்திருக்குமில்ல அக்கா? போஸ்ட்மேன் நம்ம வாசலுக்கு ஒரு நாளாவது வந்தானா?" என்பார். அத்தை பேச்சை மாற்றிவிடுவாள். தகரப்பெட்டியில் என்ன இருந்தது என்று நான் கேட்டதற்கு, "ஒரு ஸ்பூனு, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

போன வாரம் மில்லுக்குப் போய் இரண்டு கிலோ தவிடு கேட்டேன். அவிக்காத நெல்லின் தவிடா, அவித்ததா என்று பெரியவர் கேட்டார். எதுவானாலும் சரி, புதுசாக இருக்கட்டும் என்றேன். சாக்கில் கையைவிட்டு அள்ளிக்கொண்டே, "வீட்ல எத்தன மாடுங்க?" என்றார்.

"மாடு இல்லீங்க."

அள்ளிய கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் தராசில் கொட்டினார்.